ஒரு மில்லிமீட்டர் நீளம்

சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப் ஆடியது. பெரியவர் அவித்த முட்டையை மேசை விளிம்பில் தட்டியபோது ஒரு முறை ஆடியது. பிறகு அவர் மகள் விரல் வைத்துத் தட்டியபோதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து எழுந்தது. அவள் கணவன், லேப்டாப் ரிப்பேர்காரன், ரொட்டியை மென்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது ஏன் ஆடுது?”

“எது?” என்றாள் அவன் மனைவி.

“நான் என்ன, வீடு ஆடுதுன்னா சொல்றேன்? உன் மெஷின்.”

“மேசை சரியில்ல.”

“மேசைக்கு நான் போன வருஷமே அட்டை மடிச்சு வச்சாச்சு.” அவன் குனிந்து மேசைக்காலைப் பார்த்தான். அட்டை இருந்தது. நிமிர்ந்து லேப்டாப்பை ஒரு விரலால் அழுத்தினான். அழுத்திய மூலை கீழே போக, எதிர் மூலை எழுந்தது. “எத்தனை நாளா?”

அவள் டீயை ஊதினாள். ஆறிப்போன டீ அது.

“எத்தனை நாளான்னு கேக்கறேன்.”

“ஒரு வாரமா டச்பேட் கிளிக் ஆகல. அதான் மவுஸ் போட்டுக்கிட்டேன்.”

“ஒரு வாரமா! ஊட்ல ரிப்பேர்காரனை வச்சுக்கிட்டு ஒரு வாரமா மவுஸ் போட்டுக்கிட்ட!”

“ஏன் சொல்லலன்னு கேளுங்களேன். இதுக்குத்தான். இப்ப ஆரம்பிப்பீங்க பாருங்க, அதுக்குத்தான்.”

அவன் ஆரம்பித்தான்.

அவர்கள் இருந்தது இரண்டாவது மாடி. கீழே தெருவோரம் அவன் கடை. அந்தத் தெருவில் லேப்டாப் ரிப்பேர் கடைகள் ஐந்து. மற்ற நாலு கடைகளுக்கும் பெயர்ப்பலகை இருந்தது. இவன் கடைக்கு இருந்த பலகை காற்றில் விழுந்து, திரும்ப மாட்டப்படாமல், உள்ளே பெஞ்சாகியிருந்தது. கழற்றிய எதையும் தூக்கி எறியாதவன், ஒரு ஸ்க்ரூ கூடக் குப்பைக்குப் போகாது என்பதால் தெருவுக்கு அவன் ‘ஸ்க்ரூ அண்ணன்’. அவள் ‘காதக்கா’. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் காதைச் சோதித்து, காது மெஷினை லேப்டாப்போடு இணைத்து, யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கவேண்டுமென்று திருகிக் கொடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவு அவளுக்கு அந்த வட்டாரத்தைக் கொடுத்திருந்தது. ஐம்பத்து நாலு பேர். பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள். கேட்காதவர்கள் ஏனோ எப்போதும் மேல்மாடியிலேயே இருக்கிறார்கள் என்பாள் அவள்.

ஐம்பத்து நாலு பேரின் காதும் அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. யாருக்கு எந்தச் சத்தத்தில் கேட்பது குறைகிறது என்ற வரைபடம், இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய அளவுகள், பேத்தியின் குரல் மட்டும் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னதற்கு அவள் செய்த மாற்றம், எல்லாம். புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். காட்ட முடியாவிட்டால் வட்டாரம் வேறொருவருக்குப் போகும். போன மாதம் பக்கத்து வட்டாரத்தில் அப்படித்தான் நடந்தது.

“இதுக்கெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?” என்றான் அவன், குரலைத் தணித்து.

“இல்ல.”

“ஞாயித்துக்கிழமைதோறும் எடுத்துக் கொடுப்பேன்ல!”

“பழைய மெஷின்ல எடுத்துக் கொடுத்தீங்க, அது ரெண்டு வருஷம் பழசு. இதைத் தொடமாட்டேன்னு சொன்னது யாரு?”

அது உண்மை. ஏழு வருஷம் அவள் ஒரு கறுப்பு லேப்டாப்பைச் சுமந்திருந்தாள். அவன் கையால் வளர்ந்த மெஷின் அது. மெமரி இரண்டு முறை கூட்டப்பட்டது. டிஸ்க் மாறியது. சிடி போடும் தட்டை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் இன்னொரு டிஸ்க் வைத்தான். பேட்டரி பெரிதாக்கப்பட்டு, பின்னால் வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அடிமூடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருகி, டிஸ்கை உருவி, இன்னொன்றில் நகல் எடுத்து, டீ ஆறுமுன் திரும்பச் செருகிவிடுவான். சார்ஜரோடு சேர்ந்தால் நாலு கிலோவுக்கு மேல். ஏழாவது வருஷம் அவளுக்கு வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வார இடது கைதான். ஒரு மாலை, யாரிடமும் சொல்லாமல், வேறொரு தெருவில் போய் இந்த மெல்லியதை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு கிலோ கூட இல்லை. கைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது.

அன்றைக்கு அவன் அதைத் திருப்பிப் பார்த்த விதம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மகள் கூட்டிவந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “மெமரி போர்டோட ஒட்டு. டிஸ்க்கும் ஒட்டு. பேட்டரிக்குப் பசை. நீ மெஷின் வாங்கல. மூடின டப்பா ஒண்ணு வாங்கியிருக்க. போ, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.” தெருவிலிருந்த மற்ற நாலு கடைக்காரர்களும் மூன்று நாள் சிரித்தார்கள். அதன்பிறகு அவன் அதைத் தொடவில்லை. தூசி தட்டக்கூட.

இப்போது தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தான். “கொண்டா. கடைக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“வேணாம். இங்கயே, என் கண் முன்னால திறங்க.”

“இங்க என்ன இருக்கு? என் சாமானெல்லாம் கீழ.”

“கீழ ஒழுகுது. நேத்து நீங்கதான் வாளி வச்சிட்டு வந்தீங்க.”

மழை நாலாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பெரிய மழை இல்லை. நின்றுவிட்டதென்று குடையை மடக்கியதும் மறுபடி பிடித்துக்கொள்கிற மழை. துணி எதுவும் காயவில்லை. சாப்பாட்டறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் பெரியவரின் சட்டைகள் தோளோடு தோள் இடித்து நின்றன. அவன் கீழே போய்க் கருவிப்பையைக் கொண்டுவந்தான். ஸ்க்ரூ வைக்கும் காந்தத் தட்டு பையில் இல்லை. மறுபடி இரண்டு மாடி இறங்க அவனுக்குப் பிடிக்கவில்லை. அலமாரியில் பெரியவரின் மாத்திரைப் பெட்டி காலியாக இருந்தது. கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. இதைவிட நல்ல தட்டு வேண்டுமா என்று எடுத்துக்கொண்டான்.

பெரியவர் அவளுடைய அப்பா. ஒரு மில்லின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் பொறுப்பாளராக இருந்தவர். அன்று காலை அவர் காது மெஷின் இரண்டையும் அவள் வாங்கி வைத்திருந்தாள். விசிலடிக்கிறது என்றார், சரிசெய்யலாமென்று. அவை ஒரு கிண்ணத்தில் கிடந்தன. எனவே மேசையில் நடந்த எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. முட்டையின் ஓட்டை ஒரு துண்டுகூட விடாமல் சேகரித்துத் தட்டின் ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்.

அடிமூடியில் எட்டு ஸ்க்ரூக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. எல்லாம் நட்சத்திரத் தலை. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடி வரவில்லை. பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு நகர்த்தினான். பின்பக்கம் இறுகியே இருந்தது.

“இன்னும் எங்கயோ வச்சிருக்கான்,” என்றான். “எங்கடா வச்சிருக்க? சொல்லு.”

“யார்கிட்ட பேசறீங்க?”

“இதைச் செஞ்சவன்கிட்ட.” கீழே ஒட்டியிருந்த ரப்பர் கால்களைத் தடவினான். நகத்தால் நெம்பினான். அடியில் இன்னும் இரண்டு ஸ்க்ரூ. “பாத்தியா? காலுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கான். திருடன்கூட இப்படி ஒளிக்கமாட்டான். எனக்கு என்ன புரியலன்னா, உள்ள என்ன தங்கமா இருக்கு?”

“பாக்க அழகா இருக்கணும்னு செஞ்சிருப்பாங்க.”

“அடியில போய் எவன் பாக்கறான்?”

“நீங்க பாக்கறீங்களே.”

பத்து ஸ்க்ரூவையும் பெட்டியில் பிரித்துப் போட்டான். திங்களில் முன்வரிசை நாலு, அவை குட்டை. செவ்வாயில் பின்வரிசை நாலு, அவை முன்வரிசையைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். புதனில் ரப்பருக்கு அடியில் இருந்த இரண்டு. மூடி கழன்றதும் இருவரும் சேர்ந்தே மூச்சை இழுத்தார்கள். பேட்டரியின் வெள்ளிநிறப் பை, தலையணைபோல உப்பி, மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“ஜன்னலைத் திற. எல்லா ஜன்னலையும்.” அவன் குரல் மாறிவிட்டது. “இரும்பு எதுவும் பக்கத்துல வைக்காத, குத்துச்சுன்னா தீப்பிடிக்கும். அந்தக் கரண்டியை எடு.”

அதன்பின் முக்கால் மணி நேரம் அவன் திட்டவே இல்லை. ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாகப் பசையின் விளிம்பில் விட்டான். நைலான் நூலை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பேட்டரிக்கு அடியில் நுழைத்து, பல் இடுக்கைச் சுத்தம் செய்கிறவனைப்போல மெதுவாக இழுத்தான். நிறுத்தினான். மறுபடி சொட்டு. மறுபடி நூல். அவள் லேப்டாப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கையால். அவன் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியபோது கேட்காமலே துடைத்துவிட்டாள்.

நடுவில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹலோ! ஹலோ! காதம்மா! நான் டீச்சர் பேசறேன், நாலாவது மாடி! மெஷின் விசிலடிக்குது, கீங்குது!”

“இன்னைக்கு வரமுடியாது டீச்சர்.”

“என்ன?”

“நாளைக்கு!”

“ஆமா, ரெண்டு காதும்தான்!”

நூல் மறுபக்கம் வந்தது. பேட்டரி கையோடு எழுந்தது.

கடையில் அதற்கென்று மணல் நிரப்பிய தகர வாளி வைத்திருந்தான். பேட்டரியை ஒரு பீங்கான் தட்டில் ஏந்திக்கொண்டு படியிறங்கினான். அவளும் கூடவே இறங்கினாள். அவன் கொஞ்சம் நல்ல மனநிலைக்கு வந்திருந்தான், அதனால் மறுபடி பேச ஆரம்பித்தான்.

“பசை எதுக்குப் போடறான்? ஸ்க்ரூ போட்டா ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடும். அந்த ரெண்டு மில்லிமீட்டரைக் குறைக்க பசை. பேட்டரின்னா ரெண்டு மூணு வருஷத்துல சாகற சாமான்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே ஒட்டறான்.”

“அவனுக்கு என் தோளும் தெரிஞ்சிருக்கு.”

“உன் தோளுக்காகவா செஞ்சான்?”

“யாருக்காகச் செஞ்சாலும் சரி. நான் தூக்கினேன், வலிக்கல. உங்க மெஷினை நீங்க திறக்கறதுக்காக வளர்த்தீங்க. வாரம் ஒருநாள் திறப்பீங்க. நான் ஆறு நாள் தூக்கினேன். அதுக்கு ஒரு பெரிய பேட்டரி வேற மாட்டினீங்க, ‘நாள் பூரா நிக்கும்’னு. நாள் பூரா நின்னது நான்.”

“சொல்லியிருந்தா கழட்டியிருப்பேன்ல.”

“சொன்னேன். ‘அரை கிலோதானே’ன்னீங்க.”

அவன் பேட்டரியை மணலில் புதைத்து, மேலே இன்னும் ஒரு சிறங்கை மணல் போட்டான். ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியைக் காலிசெய்தான். இருவரும் மேலே வந்தபோது பெரியவர் நாற்காலியில் இருந்தபடி சமர்த்தாகத் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் சொருகி, மெஷினைத் திறந்த வயிற்றோடு பக்கவாட்டில் நிறுத்தி, அவன் பட்டனைத் தொட்டான். விளக்கு வந்தது. திரை வெளுத்தது. கடவுச்சொல் கேட்டது.

“வந்திருச்சு!” அவள் கையைத் தட்டினாள். வலது கையைப் பாதிவரைதான் தூக்க முடிந்தது. “அப்படியே பிடிச்சுக்குங்க. நான் காப்பி பண்ணிடறேன்.”

“இரு.”

“என்ன இரு? வந்திருச்சுல்ல!”

“இப்படித் திறந்து போட்டா? போர்டு மேசைல படும். தூசி, தண்ணி. உங்கப்பா டீயைக் கவிழ்ப்பாரு. மூடிக் கொடுக்கறேன். பத்து ஸ்க்ரூ, அஞ்சு நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துல காப்பி முடிஞ்சிரும். பிடிச்சுக்குங்கன்னா!”

“மூடாத மெஷினை நான் இதுவரைக்கும் யார் கையிலயும் கொடுத்ததில்ல.”

“நான் யாரோவா?”

“அதனாலதான்,” என்று சார்ஜரை உருவினான்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்தான். திங்களில் நாலு. செவ்வாயில் நாலு. புதனில் இரண்டு. திங்கள் அறையிலிருந்து முன்வரிசைக்குப் போட்டான். மூன்றாவது ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் லேசாக இறுகியது. ரப்பருக்கும் பசைக்கும் அலைந்த எரிச்சலில், அந்த இறுக்கத்தை அவன் விரல் கவனித்தும் அவன் கவனிக்கவில்லை. இன்னும் கால் சுற்று அழுத்தினான். எங்கோ உள்ளே, பொரித்த அப்பளம் உடைவது போலக்கூட இல்லை, நகம் கடிக்கும் அளவுக்கு ஒரு சத்தம். மழை அதை மூடிவிட்டது.

திருப்பி வைத்தான். இப்போது ஆடவில்லை. “பாரு, எப்படி உக்காந்திருக்கு!” சார்ஜரைச் சொருகினான். பட்டனைத் தொட்டான்.

ஒன்றுமில்லை.

மறுபடி தொட்டான். அழுத்திப் பிடித்தான். சார்ஜரை வேறு பிளக்கில் போட்டான். கருகின வாசனை மிக லேசாக வந்தது. அவனுக்கு அந்த வாசனை தெரியும். தெரியாததுபோல இன்னொரு முறை பட்டனை அழுத்தினான்.

“என்னங்க?”

அவன் பத்து ஸ்க்ரூவையும் மறுபடி கழற்றினான். முன்வரிசை மூன்றாவதை எடுத்து, இரண்டாவதன் பக்கத்தில் மேசைமேல் நிறுத்தினான். ஒன்று மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம். மூடியைத் தூக்கினான். போர்டில் அந்த ஓட்டைக்கு நேரே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, சுற்றிலும் பழுப்பு.

“செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூ,” என்றான் மெதுவாக. பிறகு கத்தினான். “செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூ திங்கட்கிழமைக்கு எப்படி வந்துச்சு? இந்தப் பெட்டியை யாரு தொட்டது?”

பெரியவர் அவன் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்தார்.

“மாமா! இந்த! பெட்டியை! தொட்டீங்களா?”

“ஆமா மாப்பிள்ளை, மழை விடாது போலிருக்கு.”

“பெட்டி! பெட்டி!” பெட்டியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“ஓ, அதுவா. இன்னைக்குச் சனிக்கிழமை. அடுத்த வாரத்துக்கு மாத்திரை நிரப்பற நாளு. பெட்டிக்குள்ள பாத்தா ஆணி. கொட்டிட்டு மாத்திரையைப் போட்டேன். அப்புறம், அடடா, மாப்பிள்ளை தேடுவாரேன்னு மாத்திரையை எடுத்துட்டுத் திரும்ப அதையே போட்டு வச்சேன். திங்களுக்கு நாலு, செவ்வாய்க்கு நாலு, புதனுக்கு ரெண்டு. எண்ணி வச்சேன். எண்ணிக்கை தப்பாது.”

“எண்ணிக்கை தப்பல மாமா! நீளம் தப்பிருச்சு!”

“என்ன?”

“நீளம்!”

“ஆமா, நாலு நாளா.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா, கையில் கிடைத்ததை எறிவதா என்று அவளுக்கே தெரியவில்லை. “டிஸ்கை எடுத்து வேற மெஷின்ல போட முடியாதா?” என்றாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

“எந்த டிஸ்க்? போர்டுதான் டிஸ்க். சிப்பைப் பிரிச்சு எடுத்தாலும் உள்ள இருக்கறதைப் பூட்டி, சாவியையும் இதே போர்டுல வச்சிருக்கான். இப்ப சாவியும் செத்துருச்சு.” அவன் குரல் உடைந்து, அதை மறைக்க இன்னும் சத்தமாயிற்று. “ஒரு மில்லிமீட்டர்! உன் பழைய மெஷின்ல ஒரு மில்லிமீட்டர் இல்ல, ஆணியே அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உள்ள அவ்வளவு இடம். இதுல தப்பு பண்றதுக்கு இடமே வைக்கல.”

“பிடிச்சுக்குங்கன்னு சொன்னேன்.”

அவன் போர்டிலிருந்த பழுப்பை நகத்தால் சுரண்டினான்.

“பத்து நிமிஷம் பிடிச்சுக்குங்கன்னு சொன்னேன். மூடித்தான் கொடுப்பேன்னீங்க. இதுல செஞ்சவன் எங்க வந்தான்?”

அவன் நீளமான அந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவனால் அதையும் எறிய முடியவில்லை.

மதியம் அவர்கள் இருவரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். பெரியவருக்கு மட்டும் அது வழக்கமான சாப்பாடாக இருந்தது. சூப்பில் உப்பில்லை என்று இரண்டு முறை உரக்கச் சொன்னார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவள் சொன்னாள்:

“ஒரு வழி இருக்கு. அவங்கவங்க அளவு அவங்கவங்க காது மெஷினுக்குள்ளயும் இருக்கும். இணைச்சா திருப்பிப் படிச்சுக்கலாம். கடைசியா வச்ச அளவும், அந்த வரைபடமும் வரும். பழைய மாத்தமெல்லாம் போனதுதான்.”

“அப்புறம் என்ன? இதைக் காலையிலயே சொல்லக்கூடாதா!”

“ஐம்பத்து நாலு வீடுங்க. புதன்கிழமைக்குள்ள. எதை வச்சு இணைக்கிறது?”

அவன் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பழைய கறுப்பு லேப்டாப் அங்கே, போர்வைக்குக் கீழே, ஒரு செங்கல் அடுக்குபோல இருந்தது.

“அதுல உன் சாஃப்ட்வேர் இன்னும் இருக்கு,” என்றான் அவன். “நான் அப்பப்ப சார்ஜ் போட்டு அப்டேட் பண்ணி வச்சிருக்கேன்.”

“தெரியும். ராத்திரி நான் தூங்கினப்புறம் திறந்து தூசி தட்டறதும் தெரியும். என்னால அதைத் தூக்கமுடியாது.”

“நான் தூக்கறேன்.”

“கடை?”

“ஒழுகுற கடை.”

முதல் காது பெரியவருடையது. பழைய லேப்டாப் கண் விழிக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது, விசிறி கர்ரென்று சுழன்றது. கிண்ணத்திலிருந்த இரண்டையும் இணைத்தாள். கோடு ஒன்று இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கித் திரையில் தோன்றியது. அப்பாவின் காது. விசிலைச் சரிசெய்து, பதிந்துகொண்டு, அவர் காதில் மாட்டிவிட்டாள்.

“இன்னும் ஐம்பத்து மூணு,” என்றாள்.

“நாளைக்கு எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? கீழ்மாடிக்காரங்களை முதல்ல முடிச்சா என்ன?” என்றான் அவன்.

“கீழ்மாடிக்காரங்க நாலே பேரு. கணக்குப் போடாதீங்க, எரிச்சலா வருது.”

“ஒரு வழி சொன்னா எரிச்சலா? காலையிலேருந்து எல்லாத்துக்கும் நான்தான் காரணமா?”

“பின்ன நானா?”

பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் எப்பவுமே இவ்வளவு சத்தமாவா பேசுவீங்க?” என்றார். “கொஞ்சம் குறைச்சு வை பாப்பா.”

ஞாயிற்றுக்கிழமை காலை தூறலிலேயே கிளம்பினார்கள். லேப்டாப் பை அவன் தோளில். அவள் கையில் குடையும், வீட்டு எண்கள் எழுதிய தாளும். முதல் கட்டடத்தில் மூன்று வீடுகள். அவன் ஒவ்வொரு மாடியிலும் அந்த மெஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டே ஏறினான். பார், ஒன்பது வருஷம் கழிச்சும் எழுந்துக்குது. பார், எத்தனை ஓட்டை, எதை வேணாலும் சொருகலாம். இரண்டாவது கட்டடத்தில் பெருமை இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. பையை இடது தோளுக்கு மாற்றினான். ஐந்தாவது வீட்டிலிருந்த கிழவர் காது மெஷினைத் தலையணைக்கு அடியில் வைத்து மறந்துவிட்டதால், மூவரும் அரைமணி நேரம் தேடினார்கள். ஏழாவது வீட்டில் நாய்க்கு அவனைப் பிடிக்கவில்லை. மறுபடி வலது தோள்.

டீச்சர் வீடு மூன்றாவது கட்டடத்தில், நாலாவது மாடி. படிகள் குறுகல், ஈரக்குடைகளின் தண்ணீர் வழிந்து வழுக்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நின்றான். சுவரில் கை ஊன்றினான். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன் என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

“என்ன?” என்றாள் அவள், நாலு படி மேலே நின்று.

“ஒண்ணுமில்ல. பட்டை சரியில்ல. தோளை அறுக்குது.”

“ஓ. பட்டையா.”

“பட்டைதான்.”

“ஏழு வருஷம் நல்லா இருந்த பட்டை.”

அவன் திருப்பத்துப் படியில் உட்கார்ந்தான். பையைத் திறந்து லேப்டாப்பை மடியில் கவிழ்த்தான். மேல்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ. சிடி தட்டு இருந்த பள்ளத்திலிருந்து இரண்டாவது டிஸ்கை, அதன் உலோகச் சட்டத்தோடு, வழுக்கிக்கொண்டு வர இழுத்தான். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மெமரி மூடியைத் திறந்து, தான் கூட்டிய மெமரித் துண்டுகளில் ஒன்றையும் உருவினான். உன் வேலைக்கு இவ்வளவு மெமரி எதற்கு என்று முணுமுணுத்தான். அவள் அந்தக் கேள்வியைத்தான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கால்சட்டைப் பையில் போட்டு, ஸ்க்ரூவை வாயில் கவ்வி, மூடிகளைப் பொருத்தி, வாயிலிருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நீளம் பார்த்துவிட்டுத் திருகினான். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“பாத்தியா? அந்த மெல்லிசுல இதை நடுப்படியில உக்காந்து செய்யமுடியுமா? சொல்லு!” லேப்டாப்பை அவளிடம் நீட்டினான். “தூக்கிப் பாரு. கால் கிலோ குறைஞ்சிருக்கும்.”

அவள் இறங்கி வந்து இடது கையில் வாங்கிப் பார்த்தாள். உண்மையிலேயே கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. மேலே நாலாவது மாடியில் கதவு திறந்து, “காதம்மாவா? ஏன் இன்னும் வரல? கீங்குது!” என்று டீச்சர் குரல் முழுக் கட்டடத்துக்கும் கேட்டது.

“குறைஞ்சிருக்கா இல்லையா?”

“குறைஞ்சிருக்கு.” அவள் லேப்டாப்பைத் திரும்ப அவன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, பட்டையை அவன் தோளில் சரியாக மாட்டிவிட்டாள். அவன் கால்சட்டைப் பை ஒரு பக்கம் தொங்கியது. அவள் அதைத் தட்டிக் காட்டினாள். “ஆனா அந்தக் கால் கிலோவும் நாலாவது மாடிக்குத்தாங்க வருது.”

அவன் எழுந்து, கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் பின்னால் ஏறத் தொடங்கினான்.